ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரம்

12 ஒக்டோபர் 2024, சனி

குஞ்சன்,

இது உன்னுடைய கொப்பி. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்துக்கு வாங்கினது. முன்னால் நாலு தாள் எழுதியிருக்கிறாய், மிச்சமெல்லாம் வெறும் தாள். எறிய மனமில்லாமல் வைத்திருந்தேன். நான் ஊரில், பேசாலையில், ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை வரும். நீ இருந்தால் சிரிப்பாய். சிரி.

நீ செத்து இன்று மூன்றாம் நாள். வியாழக்கிழமை காலை சைக்கிளில் வேலைக்குப் போனாய். வலப்பக்கம் திரும்பின லொறிக்காரன் உன்னைக் காணவில்லையாம். அவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு காணவில்லையாம். பொலிஸ்காரப் பெட்டை எங்கள் வாசலில் நின்று, சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். அந்த மரியாதைக்காகவே அவளுக்கு அடிக்க வேண்டும் போல் இருந்தது.

சனம் வந்துகொண்டே இருக்கிறது. தேத்தண்ணி ஊற்றி ஊற்றிச் சீனி முடிந்துவிட்டது. அப்பா சீனி வாங்கப் போய் உப்போடு வந்தார்.

14 ஒக்டோபர், திங்கள்

நீ எங்களுடைய ஆள் இல்லையாம்.

காலையில் அருளப்பு மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு கோயில் கந்தோருக்குப் போனேன். அவர் நம் தமிழ்ச் செபக்குழுவின் தலைவர். ஆனால் நான் கூட்டிப் போனது ஜேர்மன்காரரோடு டொச் கதைக்க. என்னுடைய டொச் வாளிக்கும் துடைப்பத்துக்கும் காணும், செத்த வீட்டுக்குக் காணாது. கந்தோர் மனிசி உன் பெயரைக் கம்பியூட்டரில் அடித்தாள். யூட் அன்ரன் சூசைநாதன். திரையை இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு எழும்பிப் போய்ப் பங்குத் தந்தை ஹூபேர்ட்டைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பாதர் கையைப் பிசைந்து பிசைந்து நிறைய நேரம் கதைத்தார். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"என்னவாம் மாஸ்டர்?"

"ஒண்டுமில்லை அக்கா. ஒரு கடதாசிப் பிரச்சினை."

"அவர் கால்மணித்தியாலம் கதைச்சவர். நீங்கள் நாலு சொல்லுச் சொல்லுறியள். மிச்சம் எங்க?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "தம்பி கோயிலை விட்டு விலகுறன் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறாராம். அப்பிடி எழுதிக் குடுத்த ஆக்களுக்குக் கோயில் அடக்கம் இல்லையாம். சட்டமாம். வேற ஒரு நாளைக்கு அவருக்காகப் பூசை வைக்கலாமாம். பெட்டியோட இல்லையாம்."

இந்த நாட்டில் சம்பளத்திலேயே கோயிலுக்கு என்று ஒரு வரி பிடிப்பார்களாம். அது வேண்டாமென்றால் நீதிமன்றக் கந்தோருக்குப் போய், நான் இந்தத் திருச்சபையை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் இருபத்தெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். எனக்கு வரி பிடிக்கிற அளவுக்குச் சம்பளம் இல்லை, அதனால் ஒருவரும் சொல்லவில்லை. நான் கோயிலில் மிஞ்சியிருப்பது நான் ஏழை என்பதால்.

பதினாலு வருஷமாக அந்தக் கோயிலைக் கூட்டித் துடைக்கிறேன், குஞ்சன். பீடத்துத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து தோய்த்து மினுக்கிக் கொடுக்கிறேன். ஞாயிறு டொச்சுப் பூசைக்கு வருவது பன்னிரண்டு கிழவிகளும் ஒரு கிழவரும். அடுத்த வருஷம் பூட்டிவிட்டு, பிள்ளைகள் சுவரில் ஏறி விளையாடுகிற மண்டபமாக்கப் போகிறார்களாம். சனமில்லை, சனமில்லை என்று பாதர் எப்போதும் அழுவார். சித்திரையில் மோட்டார்சைக்கிள்காரருக்கு ஆசீர்வாதம் கொடுத்தார், கோயில் முற்றமெல்லாம் எண்ணெய். போன கிழமை நாய் பூனைகளுக்குக் கொடுத்தார். ஒரு ஆமைக்கும் கொடுத்தார். ஒரு நாய் மாதா சுரூபத்தடியில் மூத்திரம் பெய்தது. நான்தான் துடைத்தேன்.

வெளிக்கிடும்போது என்னுடைய டொச்சிலேயே கேட்டேன். "நாய், ஆம். என் மகன், இல்லை?"

அவருடைய முகம் சிவந்தது. மாஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

15 ஒக்டோபர்

அப்பாவிடம், உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். உரித்ததையே திரும்ப உரித்தார்.

16 ஒக்டோபர், புதன்

மாஸ்டர் காலையில் ஒரு வழியோடு வந்தார். இரண்டு மணித்தியாலம் தள்ளியிருக்கிற பட்டினத்தில் தமிழ்ப் பாதர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு உன் கடதாசி விசயம் தெரியாது. இங்கே ஒன்றும் சொல்லாமல் அவரைக் கூப்பிட்டு அடக்கத்தை முடித்துவிடலாம் என்றார்.

"கேட்டால்?"

"ஆர் கேக்கப் போகினம்? அவர் வந்து பாத்தால் தமிழ்ச் சனம், சிலுவை, செபமாலை. அவருக்கு அது காணும்."

"கேக்காட்டிப் பொய் இல்லையோ?"

"அக்கா, விசர்க்கதை கதைக்காதேங்கோ. இது கடதாசி. கோயில் வேற, கடதாசி வேற. நாங்கள் வரியைத்தானே நிப்பாட்டினனாங்கள், யேசுவை நிப்பாட்டேல்லையே."

"நாங்களோ?"

மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார். கோப்பை வெறுமை.

"யேசுவைத் தெரியாதெண்ட பேதுருவும் அப்பிடித்தான் சொல்லியிருப்பார் மாஸ்டர். வேலைக்காரப் பெட்டைக்குத்தானே பொய் சொன்னனான், யேசுவுக்கு இல்லையே எண்டு."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழாம் வகுப்புப் படிச்சிட்டுப் பாதருக்கே பிரசங்கம் வைப்பா போல இருக்கு" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போனார். அப்பா அவரைப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

ஆசை இல்லாமலா? அந்தத் தமிழ்ப் பாதர் வந்தால் உனக்குத் தீர்த்தம் தெளிப்பார், தூபம் காட்டுவார். நம் பாஷையில் உன் பெயரைச் சொல்லுவார். ஒரு பகல் முழுக்க ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே அவருக்கு எடுத்து, என் மகன் விலகினவன் என்று முதல் சொல்லாகச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அழுதே விட்டார். ஆனால் ஹூபேர்ட் பாதரைக் கேட்காமல் தன்னால் வர ஏலாது என்றார்.

உன் பெட்டிக்கு மேல் பொய்யை வைத்து மூட நான் விடவில்லை. அதற்காக என்னைப் பாராட்டவும் வேண்டாம். எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம், அதுதான்.

18 ஒக்டோபர், வெள்ளி

உன்னை வைத்துவிட்டு வந்தோம்.

சவப்பெட்டிக்காரன் கூலிக்குப் பேசுகிற ஒரு ஆளை ஒழுங்கு செய்யட்டுமா என்று கேட்டிருந்தான். பாதர் இல்லாத செத்த வீடுகளுக்கு இங்கே அப்படி ஆட்கள் இருக்கிறார்கள். உன்னைப் பற்றி எங்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய், உன்னைப் பற்றி எங்களுக்கே சொல்லுவார்களாம். வேண்டாம் என்றேன்.

சேமக்காலையில், கல்லறைகளுக்குப் பக்கத்து மண்டபத்தில், நாங்களே செபமாலை சொன்னோம். நடுவில் யாரும் முன்னுக்கு வரவில்லை. எல்லாருக்கும் பயம், எங்கே நிற்பது, யார் தொடங்குவது என்று. நான்தான் எழும்பி, வேதத்தில் யேசு செத்த லாசரை எழுப்பின பகுதியை வாசித்தேன். 'ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான்' என்ற இடத்தில் சத்தம் போட்டு வாசித்தேன். அது செபம் இல்லை, குஞ்சன். அது சண்டை. அவனுடைய சகோதரி மார்த்தாளும் சண்டைதான் பிடித்தாள் என்று எனக்கு இன்றைக்கு விளங்கியது.

ஹூபேர்ட் பாதர் வந்திருந்தார். பூசை உடுப்பு இல்லை, சாதாரண மேற்சட்டை. சனம் இருக்கிற கடைசி வாங்குக்குப் பின்னால் சுவரோடு நின்றார். திருடன் மாதிரி நின்றார்.

உன்னோடு இருந்தவளும் வந்தாள். ஹன்னா. எல்லாரும் சிலுவை போடும்போது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். குழிக்கு மண் போடுகிற சிறிய அகப்பையை நான் அவளைத் தாண்டிச் செபக்குழு றோஸ்மேரியிடம் கொடுத்தேன். அப்பா அதை வாங்கிக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார்.

19 ஒக்டோபர்

சனிக்கிழமை. கோயில் துடைக்கப் போகவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவை.

24 ஒக்டோபர், வியாழன்

ஹன்னா உன் உடுப்புகளைக் கொண்டுவந்தாள். மூன்று பைகள். தோய்த்து மடித்திருந்தாள். தோய்க்காமல் கொண்டுவந்திருக்கலாம், உன் வாசம் இருந்திருக்கும். அதையும் கழுவிவிட்டாள் என்று எனக்குள் எரிந்தது. வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்ப நினைத்தேன். அப்பா உள்ளே கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டுவிட்டுத் தான் வெளியே போய்விட்டார்.

இந்த வீட்டுக்குள் அவள் வந்தது இதுதான் முதல் தரம். நாலு வருஷம் நீ அவளோடு ஒரு வீட்டில் இருந்தாய். நான் கூப்பிடவில்லை. அவள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை. கிழக்கு ஜேர்மன் ஆட்கள். கடவுளை மறுக்கிறவர்கள்கூட இல்லை, அப்படி ஒரு கதையே அந்த வீட்டில் இல்லை என்று நீ ஒருக்கால் சொன்னாய்.

அவள் சாமிப்படங்களுக்கு முன்னால் நின்றாள். பிறகு உன் கடிதம் போட்டிருந்த சட்டத்தைக் கையில் எடுத்தாள்.

எந்தச் சட்டம் என்று உனக்குத் தெரியும். இரண்டரை வருஷத்துக்கு முன் கோயிலிலிருந்து உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நீ உன் விலாசப் பதிவை மாற்றாததால் இங்கேதான் வந்தது. நல்ல தடித்த தாள், மேலே கோயில் படம், கீழே பாதரின் கையெழுத்து, முத்திரை. நான் ரெலிபோனில் சொன்னேன். வையுங்கோ அம்மா என்றாய். பங்கில் உனக்கு ஏதோ ஆசீர்வாதம் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துச் சட்டம் போட்டு மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதை ஏன் இங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று ஹன்னா மெதுவாகக் கேட்டாள். எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுச் சொல்லாகக் கதைப்பாள்.

"கோயில் கடிதம். ஆசீர்வாதம்."

அவள் வாசித்தாள். உதடு நடுங்கியது. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் வெளியே தள்ளியிருப்பேன்.

"அம்மா" என்றாள். அந்தச் சொல்லை நீ பழக்கியிருக்கிறாய். "இது ஆசீர்வாதம் இல்லை. நீங்கள் எங்களை விட்டு விலகியதை அறிந்தோம், வருந்துகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் போனீர்கள் என்று சொல்ல விரும்பினால் வந்து சொல்லுங்கள். கதவு திறந்திருக்கிறது. இவ்வளவுதான்."

இரண்டரை வருஷம் நான் அதற்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

நீ பார்த்தாய். போன மார்கழி நத்தாருக்கு வந்தபோது அதன் முன்னால் நின்று, "இதை ஏனம்மா இஞ்ச வைச்சனீங்கள்?" என்று கேட்டாய். "கோயில் முத்திரை இருக்கெல்லோ" என்றேன். "சரி, இருக்கட்டும்" என்றாய். போய்ப் பலகாரம் சாப்பிட்டாய். வாயில் போட்டது எப்படியடா இறங்கினது?

நான் ஹன்னாவிடம் சொன்னேன், இது வெறும் கடதாசி, வரிக்காகப் போட்டது, எல்லாத் தமிழரும் போடுகிறார்கள், அவனுக்கு என்ன செய்கிறேன் என்றே தெரியாது என்று. மாஸ்டர் சொன்னதையே சொன்னேன். அந்த நேரம் என் வாயில் வேறொன்றும் வரவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. வாசிக்கத் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. பணத்துக்காகப் போட்டவர் ஏன் சாப்பிடாமல் இருக்கிறார்? பாதர் சட்டம் என்கிறார். நீங்கள் எல்லாரும் கடதாசி என்கிறீர்கள். யூட் ஒரு சொல் சொன்னார். அவர் அதைச் சொல்லவே இல்லை என்ற மாதிரி எல்லாரும் நடக்கிறீர்கள்."

"ஏன் போட்டவன்?"

"கேட்டேன். உனக்கு விளங்காது என்றார். நீ எந்தக் கோயிலிலும் இருந்ததில்லை, விட்டுப் போவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது என்றார்."

அவள் போகும்போது நான் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மூன்று பைகளையும் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

25 ஒக்டோபர்

அப்பா ஒப்புக்கொண்டார். அவர் விலகிப் பதினொரு வருஷமாம். மாஸ்டர்தான் கூட்டிக்கொண்டு போய் நிரப்பிக் கொடுத்தாராம்.

"அவனுக்கும் நீங்கள்தான் சொல்லிக் குடுத்தனீங்களோ?"

"முதல் வேலை கிடைச்ச நேரம் சொன்னனான். சிரிச்சான். 'அது அம்மாவின்ர கோயிலப்பா, கிடக்கட்டும்' எண்டான். போடேல்லை. பேந்து ஏன் போட்டவன் எண்டு எனக்குத் தெரியாது, மத்தலேனா. சத்தியமா."

முதல் வேலை 2019. அப்பாவோடு இன்றைக்கு நான் கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்தேன்.

1 நவம்பர், வெள்ளி

சகல பரிசுத்தவான்கள் திருநாள். டொச்சுக்காரர் சேமக்காலைக் கல்லறைகளில் சிவப்பு விளக்கு வைக்கிறார்கள். வருஷம் முழுக்கக் கோயில் பக்கம் வராதவனும் இன்றைக்கு ஒரு விளக்கோடு வருகிறான். உனக்கும் யாரோ ஒன்று வைத்திருந்தார்கள்.

பின்நேரம் செபக்குழு வீட்டுக்கு வந்தது. அப்பாவோடு சேர்த்து இருபத்திமூன்று பேர். முப்பத்தோராம் நாளுக்கு யார் சோறு, யார் கறி என்று கதை போனது. நான் எழும்பினேன்.

"ஒரு கேள்வி கேக்கிறன். நீதிமன்றக் கந்தோரில கையெழுத்துப் போட்டு விலகின ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

றோஸ்மேரி, "அக்கா, செத்த வீட்டில என்ன இது குடிசனக் கணக்கெடுப்பு?" என்றாள்.

"செத்தது என்ர பிள்ளை. நான் கேப்பன். என்ர பிள்ளை விலகினவன் எண்டு பத்து நாளா ரெலிபோனில கதைச்ச வாயள்தானே? கையும் இருக்கும்தானே?"

அப்பா தூக்கினார். பிறகு மாஸ்டர். பிறகு ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி தோளுக்கு மேலே வராத கைகள். றோஸ்மேரி கடைசி. பத்தொன்பது.

"அப்ப உங்களுக்கும் அடக்கம் இல்லை. என்ர பிள்ளை நிக்கிற வெளியிலதான் நீங்களும் நிக்கிறியள். அவன் ஒண்டும் மறைச்சு வந்து, விலகின ஆக்களுக்கு இல்லாத நன்மையை வாங்கேல்லை. ரெண்டரை வருஷம் அவன் நன்மைக்குப் போகேல்லை. நான் அதைக் கவனிச்சனான், ஏனெண்டு கேக்கேல்லை. நீங்கள் ஞாயிறு ஞாயிறா வரிசையில நிண்டு நற்கருணைக்கு நாக்கை நீட்டினீங்கள்."

மாஸ்டர் எழும்பினார். "அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள் அக்கா? இந்த நாட்டில சனமெல்லாம் விட்டிட்டுப் போகுது. நாங்களாவது வந்து பாடுறமே. அது காணாதோ?"

"நான் என்ன பாப்பரசரோ? உள்ளுக்கெண்டால் உள்ளுக்கு நில்லுங்கோ. வெளியிலயெண்டால் வெளியில நில்லுங்கோ. வாசல்படியில படுத்துக் கிடக்காதேங்கோ. ஆக்கள் வந்து போக ஏலாமல் கிடக்கு."

சோறு யார், கறி யார் என்ற முடிவு எடுக்காமலே கலைந்து போனார்கள்.

5 நவம்பர், செவ்வாய்

கோயிலுக்குப் போனேன். துடைக்க இல்லை. ஞானஸ்நானப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று பாதரிடம் கேட்டேன். அவன் ஏன் போனான் என்று யாரும் சொல்லவில்லை, அவனை இங்கே கொண்டுவந்தபோது எழுதினதையாவது பார்க்க வேண்டும் என்றேன்.

பாதர் இரும்பு அலுமாரியைத் திறந்து 1997ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். மாஸ்டர் இல்லை. பாதரும் நானும் பதினாலு வருஷமாக வாளிக்கும் பூச்சாடிக்கும் நடுவே கதைத்தவர்கள், அவருடைய டொச் எனக்கு விளங்கும். பக்கத்தின் நடுவில் உன் பெயர் இருந்தது. அப்பாவின் கையெழுத்து. என்னுடையது, தமிழில். பக்கத்து ஓரத்தில் சிறிய எழுத்தில் வேறு கையால் ஒரு வரி. விலகினார், திகதி.

"ஞானஸ்நானத்தை நாங்கள் அழிப்பதில்லை" என்றார் பாதர். "அழிக்க எங்களுக்கு உரிமையும் இல்லை. ஓரத்தில் மட்டும் எழுதுவோம்."

"பாதர், நீங்கள் என் மகனை அடக்க வராமல் விட்டது நடுவில் எழுதினதை வாசித்தா, ஓரத்தில் எழுதினதை வாசித்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓரத்தை" என்றார். கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "மத்தலேனா, போவது ஒன்றுமில்லை என்றால் இருப்பதும் ஒன்றுமில்லை. முப்பது வருஷமாக நான் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கோயில் படம் எடுக்க அழகாயிருக்கிறது என்று கலியாணத்துக்கு வந்தவனுக்கும் சரி, நாய்க்கும் சரி. எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். கோயில் வெறுமையாகிவிட்டது. ஒரு தடவையாவது ஒரு சொல்லை உண்மையாக எடுக்க வேண்டும் என்று நினைத்தேன்."

"அதுக்கு என்ர பிள்ளைதான் கிடைச்சவனோ?"

இதைத் தமிழில்தான் கேட்டேன். அவருக்கு விளங்கியது. தலையைக் குனிந்தார். அந்தக் கடிதத்துக்கு முப்பது வருஷத்தில் எத்தனை பேர் வந்து பதில் சொன்னார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றார். நீங்கள் ஒருவரையாவது தேடிப் போனீர்களா என்று கேட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார்.

ஆத்திரம் நெஞ்சு நிறைய இருந்தது, குஞ்சன். இன்னும் நாலு கேள்வி கேட்கத்தான் ஓரத்தை இன்னொரு தரம் பார்த்தேன். அப்போதுதான் திகதியை வாசித்தேன்.

12 ஏப்ரல் 2022.

அது என்ன கிழமை என்று பாதரைக் கேட்டேன். அவர் ரெலிபோனில் பார்த்துச் செவ்வாய்க்கிழமை என்றார். பரிசுத்த வாரத்துச் செவ்வாய். அதற்கு இரண்டு நாள் முன்னம் குருத்தோலை ஞாயிறு.

வீட்டுக்கு நடந்து வந்தேன். பஸ்ஸை விட்டுவிட்டேன்.

6 நவம்பர்

குருத்தோலை ஞாயிறு அன்று நான் ஒரு தாய் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். கலியாணம் கட்டாமல் ஒரு வீட்டில் இருக்கிறவனுக்கு இந்தக் கோயிலில் என்ன அலுவல், கையில் இருக்கிற குருத்தோலைக் கொப்பை வைத்துவிட்டு வெளியே போ என்றேன். சனத்துக்கு முன்னால்தான் சொன்னேன். வாசலில் வைத்துத்தானே கண்டேன், வேறெங்கே சொல்லுவது? நீ கையிலிருந்த கொப்பை வாசலடி வாங்கில் வைத்தாய். அவள் வெளியே படியில் நின்றாள்.

சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

7 நவம்பர்

ஜன்னல் எல்லாம் துடைத்தேன்.

9 நவம்பர், சனி

முப்பத்தோராம் நாள். ஹூபேர்ட் பாதர் பூசை வைத்தார்.

நேற்றுப் போய் அவரிடம் ஒன்று கேட்டிருந்தேன். மன்றாட்டில் உன் பெயரைச் சொல்லும்போது ஓரத்தில் எழுதினதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று. அவருக்கு முதலில் விளங்கவில்லை. எனக்குப் பொய்ப் பூசை வேண்டாம், அவன் சொன்ன சொல்லை ஒளிக்கவும் வேண்டாம் என்றேன். இன்றைக்கு அவர் அப்படியே சொன்னார். டொச்சில் சொல்லி, மாஸ்டரைத் தமிழில் சொல்லச் சொன்னார். மாஸ்டர் இந்த முறை ஒரு சொல்லும் குறைக்கவில்லை. "இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவரும், இந்தக் கோயிலை விட்டு விலகிப் போனவரும், நாங்கள் தேடிப் போகாதவருமான யூட் அன்ரனுக்காக." அந்தக் கடைசித் துண்டு நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. பாதர் தானாகச் சேர்த்தது.

பின்னால் முணுமுணுப்புக் கேட்டது. செத்தவனை அவமானப்படுத்துகிறார்கள் என்று றோஸ்மேரியின் மனிசன் சொன்னான். சொல்லட்டும்.

ஹன்னா பிந்தி வந்து வழியில் நின்றாள். இடமெல்லாம் வெறுமையாக இருந்தும் எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் பக்கத்தில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தேன். வந்து இருந்தாள்.

நன்மை நேரம். டொச்சுக் கிழவிகள் தள்ளுவண்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். தமிழ்ப் பக்கத்தில் நாலு பேர் எழும்பினார்கள். பத்தொன்பது பேரும் முழங்காலில் இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை. மாஸ்டர் திங்கட்கிழமை கந்தோருக்குப் போய்த் திரும்பச் சேருவதற்குக் கடதாசி கேட்டாராம். அப்பா கேட்கவில்லை. "எனக்கு இன்னும் கோபம்" என்றார். யார் மேல் என்று நான் கேட்கவில்லை.

பாதர் நற்கருணைப் பாத்திரத்தோடு நின்று என்னைப் பார்த்தார். கம்பியூட்டரில் பெயர் உள்ளவள் நான். ஓரத்தில் ஒன்றும் எழுதாத பக்கம் என்னுடையது. நான் எழும்பவில்லை. என்ன அம்மா என்று ஹன்னா கேட்டாள். முழங்கால் நோகிறது என்றேன். அவள் என் முழங்காலில் கையை வைத்தாள். நான் தட்டிவிடவில்லை.

சனம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. அவள் உள்ளே சட்டி கழுவுகிறாள், அப்பா துடைக்கிறார். இரண்டு பேரும் ஏதோ கதைக்கிறார்கள். எனக்கு இவர்கள் எல்லார் மேலும் ஆத்திரம் போகவில்லை. பாதரோடு இன்னும் சண்டை பிடிப்பேன். கோயிலைப் பூட்ட வருகிறவனோடும் பிடிப்பேன். உன்னோடும் பிடிக்க வேண்டும், நீதான் இல்லை.

கடிதத்துக்குப் பதில் எழுத நான் உன்னைக் கேட்கவில்லை, குஞ்சன். பாதருக்கு வேண்டாம், ஹன்னாவுக்கும் வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லு. அந்தச் செவ்வாய்க்கிழமை பேனையைக் கையில் எடுத்தபோது நீ விட்டுப் போனது கோயிலையா, என்னையா?